தனுஷ்கோடி: புயல் அழித்த ஊரும் சட்டம் அடைத்த துறையும்

கடற்கரைப் பட்டினங்களின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதுவோர் அவற்றின் அழிவுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களையே முதலில் கூறுவர். ஒன்று, கடல் கொண்டது. மற்றொன்று, துறை தூர்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதென்பர். கொற்கையும் பழைய காயலும் தாமிரபரணியின் வண்டலால் கடலை விட்டு விலகிப் போயின என்பர். இந்த வரிசையில் அண்மைக் காலத்துச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டும் ஊர் தனுஷ்கோடி ஆகும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் அவ்வூர் அழிந்தது. அன்று முதல் அது பாழூராயிற்று. இதுவே பள்ளிப் பிள்ளைகள் முதல் பயண வழிகாட்டிகள் வரை அனைவரும் சொல்லும் வரலாறு.

இது பொய்யன்று, ஆயினும் முழுமையான உண்மையும் அன்று. தனுஷ்கோடி ஒரு மீனவர் ஊர் மட்டுமன்று. இரு நாடுகளை இணைத்த கப்பல் துறையும் ஆகும். ஊரை அழித்தது புயல். துறையை அழித்தது எது? இவ்விரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் நம் மக்களின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி மறைந்து போகின்றது. கடலே இல்லாத கொங்கு நாட்டிலிருந்து கொண்டு இதனை நாம் ஆராய முற்படுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அது கட்டுரையின் போக்கில் விளங்கும்.

தோணித்துறைக் காலம்

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையாக, கடலுக்குள் நீண்டு செல்லும் மணல் நாக்குதான் தனுஷ்கோடி. அதன் வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண் கடல் என்றும் அப்பகுதி மீனவர்கள் வழங்குவர். எதிர்க்கரையாகிய இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடையில் இருப்பவை மணல் திட்டுகளும் ஆழமற்ற நீரும் ஆகும். பெருங்கப்பல்களுக்கு இந்த வழி பயன்படாது. ஆனால் தோணிக்கும் வத்தைக்கும் இதைவிட உகந்த வழி வேறில்லை.

இந்தக் கடலின் இயல்பை நேரில் கண்டு எழுதிய பயணிகளுள் இப்னு பதூதா குறிப்பிடத்தக்கவர். 1344ஆம் ஆண்டு மாலத்தீவிலிருந்து புறப்பட்ட அவர், காற்றின் போக்கால் இலங்கையின் புத்தளத்தை அடைந்தார். அங்கு ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கினார். மன்னர் பாரசீக மொழியைப் புரிந்துகொள்பவராக இருந்தார் என்பது அவரது பயண நூல் தரும் செய்தி. ஆதம் மலையைத் தரிசித்த பின் மஅபர் எனப்பட்ட நம் கரையை நோக்கி அவர் வந்தபோது, கப்பல் ஆழமற்ற நீரில் சிக்கிச் சேதமுற்றது. ஒருவாறு கரையேறி, அப்போது மதுரையை ஆண்டுகொண்டிருந்த சுல்தான் கியாசுத்தீனிடம் சென்று சேர்ந்தார். மொராக்கோவில் பிறந்த ஒருவருக்கு இக்கரையிலும் அக்கரையிலும் பேச்சுமொழி அறிந்த அவைகள் இருந்தன என்பதிலிருந்து, இந்த நீரிணை மக்களைப் பிரிக்கும் எல்லையாகக் கருதப்படவில்லை என்பது புலனாகும்.

பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த வழியைத் தம் வாழ்வின் வழியாகக் கொண்டோருள் மரக்காயர்கள் முதன்மையானவர்கள். அப்பெயர் மரக்கலத்திலிருந்து வந்ததா, கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததா என்னும் வாதம் அறிஞரிடையே உண்டு. எவ்வாறாயினும் கப்பலே அதன் வேர் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். கீழக்கரை, காயல்பட்டினம், தொண்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்கள் மன்னார்க் கடலில் முத்தும் சங்கும் எடுத்தனர். அந்தச் சங்குகள் வங்காளம் வரை சென்று டாக்காவில் வளையல்களாக அறுக்கப்பட்டன.

பொருளோடு கல்வியும் கடந்து சென்றது. மாப்பிள்ளை ஆலிம் என்று மக்கள் அன்போடு அழைத்த இமாமுல் அரூஸ் சையிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) கீழக்கரையை இருப்பிடமாகக் கொண்டே இலங்கையின் பல ஊர்களில் மார்க்கப் பணி ஆற்றினார்கள். அவர்களுடைய அரபுத்தமிழ் நூல்கள் இரு கரையிலும் ஓதப்பட்டன. கண்டியிலிருந்து அறிஞர் சித்தி லெவ்வை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' இதழுக்கு இக்கரையிலும் வாசகர்கள் இருந்தனர். இவை யாவும் தோணிகள் சுமந்து சென்ற உறவுகள் எனலாம்.

அதே காலத்தில் வேறொரு கூட்டமும் இக்கடலைக் கடந்தது. கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற தமிழ்க் கூலித் தொழிலாளர்களே அவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாடு வரை நடந்த அவர்களுள் காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மடிந்தோர் மிகப் பலர்.

நீராவிக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலிலும் அங்கிருந்து கப்பலிலும் சென்றனர். அது நீண்ட கடற்பயணம். அதனைச் சுருக்கும் நோக்குடன் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மண்டபத்திற்கும் பாம்பனுக்கும் இடையே கடலின் மீது பாலம் கட்டியது. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் 1914 பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. நடுவில் கப்பல்களுக்கு வழிவிடும் வகையில் இரு பக்கமும் தூக்கும் அமைப்பு அதற்கு இருந்தது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது.

இப்போது சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு கொழும்பு கோட்டை நிலையம் வரை செல்ல முடிந்தது. ரயில் தனுஷ்கோடித் துறை வரை வரும். கப்பல் கடலைக் கடக்கும். அக்கரையில் இலங்கை ரயில் காத்திருக்கும். மக்கள் அந்த ரயிலுக்குப் 'போட் மெயில்' என்று பெயரிட்டனர். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைசிராய்களின் பெயர்களைத் தாங்கிய கப்பல்கள் முதலிலும், இர்வின், கோஷன் என்னும் கப்பல்கள் பின்னரும் ஓடின.

மணல்மேட்டில் ஒரு நகரம் எழுந்தது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், அஞ்சல் தந்தி நிலையம், மருத்துவமனை, பள்ளிக்கூடம், தேவாலயம், பயணிகள் தங்கும் சத்திரங்கள், கடைத்தெரு என யாவும் அமைந்தன. மீனவர்கள் பருவக்காற்றுக்கு ஏற்ப வடகரையிலும் தென்கரையிலும் மாறி மாறிக் கரைவலை இழுத்தனர். கப்பல் வந்ததால் அவர்கள் பிடித்த மீனுக்கும் உலர்த்திய கருவாட்டுக்கும் இரு திசையிலும் சந்தை கிடைத்தது.

அக்காலத் தனுஷ்கோடியோடு இணைந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றை நாடு முழுவதும் அறியும். முன்னாள் குடியரசுத் தலைவர் மர்ஹூம் டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்கள் 1931இல் இராமேசுவரத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய தந்தையார் ஜைனுலாபிதீன் அவர்கள், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு இந்து யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல மரப்படகு கட்டிய செய்தியைக் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் பதிவு செய்துள்ளார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி எடுக்கத் தம் உறவினருக்கு உதவியதே தாம் முதன்முதலில் ஈட்டிய வருமானம் என்றும் அதில் கூறுகிறார்கள். போட் மெயில் சென்ற பாதையில் வாழ்ந்தோர்க்கு அந்த ரயில் எவ்வாறு பிழைப்பாகவும் உலகச் செய்தியாகவும் இருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

ஒரு துறைக்கு இரு கரை

மீன்பிடி ஊரின் வாழ்வு கடலைப் பொறுத்தது. கப்பல் துறையின் வாழ்வோ அக்கரையைப் பொறுத்தது. இங்கே எவ்வளவு சிறந்த துறை அமைத்தாலும், அங்கே இறங்குவோரை வரவேற்கும் மனமும் சட்டமும் இல்லையேல் துறை வீணாகும். தனுஷ்கோடியின் துறைக்கு நேர்ந்தது இதுவே. அதன் நலிவு புயலுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

கப்பல் ஓடத் தொடங்கிய மறு ஆண்டிலேயே, 1915 மே இறுதியில், கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் மூண்டு இலங்கையின் பல பகுதிகளுக்கும் பரவியது. அதில் குறிப்பாகத் தாக்குதலுக்கு ஆளானவர்கள், நம் கரையிலிருந்து சென்று கடை வைத்திருந்த, 'கரையோரச் சோனகர்' எனப்பட்ட வணிகர்கள். வெளியிலிருந்து வந்து பிழைப்போர் என்னும் பார்வை அப்போதே வேரூன்றியிருந்தது.

தோட்டத் தொழிலாளர் நிலை வேறு விதமானது. இலங்கை அரசு, இந்திய மண்ணில், மண்டபத்திலேயே ஒரு முகாம் அமைத்தது. தோட்டங்களுக்குச் செல்வோர் நோய்த்தடுப்புக்காக அங்கே தங்க வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேற்றப்பட்டனர். அந்நாட்டின் வாசல் நம் ஊரிலேயே நாட்டப்பட்டிருந்தது என்று இதனைக் கூறலாம். உழைப்பாளி தேவைப்பட்ட வரையில் அந்த வாசல் திறந்திருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்திற்குப் பின் காட்சி மாறியது. 1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலி பெற்ற இந்தியரை வேலையிலிருந்து நீக்க முற்பட்டது. அதற்கு மறுமொழியாக இந்திய அரசு அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தொழிலாளர்கள் இலங்கை செல்வதைத் தடை செய்தது.

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டு இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அதே ஆண்டின் குடிவரவுச் சட்டம் கடவுச்சீட்டையும் விசாவையும் கட்டாயமாக்கியது. தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்தும் எடுத்தும், கடை நடத்தியும் வந்த குடும்பங்களுக்குக் கடலின் நடுவே திடீரென ஒரு கோடு தோன்றியது.

இந்த மாற்றத்தை ஒரே சொல் காட்டிவிடுகின்றது. அதுவே 'கள்ளத்தோணி' என்பது. ஆவணமின்றிக் கடல் கடந்தோரைக் குறிக்க எழுந்த இச்சொல், நாளடைவில் இந்திய வம்சாவளித் தமிழர் அனைவரையும் இழித்துரைக்கும் வசையாக இலங்கையில் வழங்கலாயிற்று. தோணி மாறவில்லை, கடல் மாறவில்லை, ஓட்டியவரும் மாறவில்லை. சட்டம் மாறியதால் நேற்றைய தோணி இன்று கள்ளத்தோணியாயிற்று.

இவ்வாறு சுருங்கி வந்த போக்குவரத்துக்கு இறுதித் திசையைக் காட்டியது 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. தனுஷ்கோடிக் கப்பலின் வேலை இனி மக்களைக் கொண்டு சேர்ப்பதன்று, திருப்பி எடுத்து வருவதே என்று இரு தலைநகரங்களும் முடிவு செய்துவிட்டன. அந்த முடிவுக்குப் பிறகு இரண்டு மாதங்கள் நிறைவதற்குள் புயல் வந்தது.

அந்த இரவு

1964 டிசம்பர் நடுவில் அந்தமான் கடலருகே உருவான காற்றழுத்தம் கடும் புயலாகி, 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக் நீரிணைக்குள் நுழைந்தது. அன்றிரவு ஏறத்தாழ ஏழு மீட்டர் உயர அலைகள் தனுஷ்கோடியின் மீது எழுந்ததாக மதிப்பிடப்படுகின்றது. இரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கிய நிலையில் கடலால் அடித்துச் செல்லப்பட்டது. பயணச்சீட்டுப் பெற்ற 110 பேரும் ரயில்வே ஊழியர் ஐவரும் அதில் இருந்தனர் என்பது பதிவு. அவர்களுள் ஒருவரும் மிஞ்சவில்லை. புயலில் இறந்தோர் மொத்தம் 1,800 பேருக்கு மேல் என்று பொதுவாகக் கூறப்படுகின்றது. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற இடமென்று சென்னை மாநில அரசு அறிவித்தது. இருபுறமும் கடல் சூழ்ந்த அந்த மெல்லிய மணல்திட்டில் மீண்டும் நகரம் அமைப்பதில்லை என்னும் முடிவு நியாயமற்றது என்று நாம் கூற வரவில்லை. ஊரின் அழிவுக்குக் கடலே காரணம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

மீண்டதும் மீளாததும்

ஆனால் துறையின் கதை அத்துடன் முடியவில்லை. அதே புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்பு உத்தரங்கள் கடலில் வீழ்ந்தன. அவற்றை மீட்டுப் பாலத்தைச் சீரமைக்கும் பணி ஈ.ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் தில்லி மெட்ரோ ரயிலை அமைத்துப் புகழ்பெற்றவர் இவரே. 46 நாட்களில் பாலம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. கப்பல் போக்குவரத்தும் இராமேசுவரத்திற்கு மாற்றப்பட்டுத் தலைமன்னாருக்குத் தொடர்ந்தது. தேவை என்று அரசு கருதியது எதுவோ, அது புயலுக்குப் பின்னும் மீண்டது என்பதை இங்கு நாம் கவனிக்க வேண்டும்.

மீண்டு வந்த கப்பல் எதற்குப் பயன்பட்டது? 1970களில் அதன் முக்கியச் சுமை ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களே. நான்கைந்து தலைமுறையாக அங்கு உழைத்தோர், தாம் பார்த்தறியாத 'தாயக'த்தில் வந்து இறங்கினர். 'இராமானுஜம்' என்னும் கப்பல் தலைமன்னாரில் அவர்களை ஏற்றி இராமேசுவரத்தில் இறக்கியது. பாட்டனார்கள் தங்கிச் சென்ற அதே மண்டபம் முகாம் பேரர்களை வரவேற்றது.

கொங்கு நாட்டில் வாழும் நம்மை இவ்வரலாறு தொடும் இடம் இதுவே. திரும்பி வந்தோர்க்கு வேலை அளிக்கும் நோக்கில் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே 1976இல் 'டான்டீ' எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. மேட்டுப்பாளையம் வழியாக மலையேறிக் கோத்தகிரிக்கும், உதகையைக் கடந்து கூடலூருக்கும் பந்தலூருக்கும் செல்வோர் அங்குக் காணும் தொழிலாளர் குடியிருப்புகள் பலவற்றில் வாழ்வோர், அந்தக் கப்பலில் வந்தவர்களும் அவர்தம் மக்களும் ஆவர். தனுஷ்கோடியின் எஞ்சிய வரலாற்றைக் கடற்கரையில் மட்டும் தேடுவோர் அதன் பாதியையே காண்பர். மறுபாதி நம் அருகே நீலமலைச் சரிவுகளில் வாழ்ந்துகொண்டிருக்கின்றது.

கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1974இல் கச்சத்தீவு இலங்கைக்கு உரியதாக ஏற்கப்பட்டது. 1976இல் மன்னார் வளைகுடாவிலும் எல்லை வரையப்பட்டது. மீனவன் வலை வீசும் நீரிலும் கோடு வந்தது. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் மூண்ட போரால் கப்பல் அடியோடு நின்றது. அதன்பின் அகதிகள் இரவு நேரப் படகுகளில் வந்து இதே மணல்திட்டுகளில் இறங்கினர். மண்டபம் முகாம் மூன்றாம் முறையாக நிரம்பியது. 1990 அக்டோபரில் மன்னார் உள்ளிட்ட வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அவர்கள் புத்தளம் முதலிய இடங்களில் நீண்ட காலம் அகதிகளாக வாழ நேர்ந்தது. தனுஷ்கோடிக்கு எதிர்க்கரையில் நம்மவரின் வேர்களும் இவ்வாறு பிடுங்கப்பட்டன. இவற்றுள் எதனையும் புயல் செய்யவில்லை.

இன்றைய காட்சி

இன்று தனுஷ்கோடிக்குச் செல்வது எளிது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போடப்பட்ட ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. பேருந்துகளிலும் கார்களிலும் நாள்தோறும் வருவோர் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துச் செல்கின்றனர். அவர்களுக்கு அது பேய் நகரம். ஆனால் அங்கு மக்கள் வாழ்கின்றனர். மணலில் சில அடி தோண்டினால் ஊறும் நன்னீரை நம்பி, ஓலைக் குடிசைகளில் தங்கி, கரைவலை இழுக்கும் மீனவக் குடும்பங்கள் அவை. வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் வாழ்வோருக்குப் பட்டா, மின்சாரம் போன்ற உரிமைகளைக் கேட்டுப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மீனவர்களைப் பொறுத்தவரை ஊர் ஒருபோதும் முழுமையாகச் சாகவில்லை; செத்ததாக எழுதி வைக்கப்பட்டது.

தலைமன்னார்த் துறை வரையிலான ரயில் பாதை போருக்குப் பின் புதுப்பிக்கப்பட்டு 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. நம் கரையில் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அங்கும் ரயில் வருகின்றது. இங்கும் ரயில் வருகின்றது. இடையில் உள்ள சிறு கடலில் 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல் இல்லை. எனினும் சென்னையிலிருந்து இராமேசுவரம் வரும் இரவு ரயிலை மக்கள் இன்னும் போட் மெயில் என்றே அழைக்கின்றனர். 2011இல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய கப்பல் சில மாதங்களில் நின்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல், இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வழி திறக்க முடியும் என்பதற்கு இவை சான்று. வழி திறவாவிட்டாலும் தேவை நிற்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு: 2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது, பசிக்கு அஞ்சிய குடும்பங்கள் மீண்டும் தனுஷ்கோடி மணல்திட்டுகளிலேயே வந்து இறங்கின.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் எனத் திருமறை நம்மைப் பணிக்கின்றது. பார்ப்பது என்பது இடிந்த சுவரை நோக்கிப் பெருமூச்சு விடுவதன்று. எது இறைவனின் நாட்டத்தால் நிகழ்ந்தது, எது மனிதரின் கைகள் தேடிக்கொண்டது என்று பிரித்தறிவதாகும். காற்றையும் கடலையும் நம்மால் தடுக்க இயலாது. கடவுச்சீட்டும் எல்லைக் கோடும் மனிதர் எழுதியவை; மனிதரால் திருத்தக் கூடியவை. தனுஷ்கோடியின் பழி முழுவதையும் புயலின் மீது ஏற்றிவிட்டால், திருத்த வேண்டியது ஒன்றுமில்லை என்றாகிவிடும். நம் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் அவ்வூரின் வரலாற்றைக் கற்பிப்போர் 1964 டிசம்பரோடு அக்டோபரையும், அதற்கு முன் 1948ஐயும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். நீலகிரித் தோட்டங்களிலும் மண்டபம் முகாமிலும் இன்னும் உயிரோடு உள்ள முதியோரின் நினைவுகளைக் கேட்டு எழுதி வைப்பது அதன் முதற்படி. அதற்கான காலம் குறைந்துகொண்டே வருகின்றது.